கூட்டிப் போட்ட ஒரு கிலோ

ஜூலை 29, திங்கள்

பாடக்குறிப்பேட்டின் பின்பக்கம் நாற்பது தாள் காலியாகக் கிடக்கிறது. அதில் எழுதத் தொடங்குகிறேன். எழுதி வைத்தால் தலை கொஞ்சம் காலியாகுமோ என்று ஒரு நினைப்பு. காலையில் பேருந்தில் நடத்துநர் எங்கே என்று கேட்டதற்கு "முப்பத்தொண்ணு" என்றேன். நெடுமானேந்தல் என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தொன்று எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை. பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு இறங்கும்வரை காது சுட்டது.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் ஜெசிந்தா டீச்சருக்கு நான்கும் ஐந்தும். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வகுப்பும் ஒரே அறை. ஒன்றாம் வகுப்புக்கு 'ட' எழுதிக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மூன்றாம் வகுப்பு அடித்துக்கொள்ளும்.

இதைச் சமாளித்துவிடலாம். கைப்பேசிதான் பெரிய வகுப்பு. ஒன்பதரைக்குள் வருகைப்பதிவு, காலை உணவுப் படம், மதிய எண்ணிக்கை, பிள்ளைக்கு ஒன்றாக மதிப்பீடு, யாருக்கு ஆதாரில் பெயர் தப்பு, யாருக்கு வங்கிக் கணக்கு இல்லை. சிக்னல் கிடைக்க அடிபம்பு மேடைமேல் ஏறி நிற்க வேண்டும். நான் அங்கே நிற்கும்போதெல்லாம் வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

"ஒக்காந்து பாக்கற வேலதானே? வெயில்ல நின்னவ மாதிரி வர்ற" என்றாள் அம்மா. அவள் இன்று முழுக்க வெயிலில் நின்றவள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இரும்புச்சத்து மாத்திரை நாள். என் அறையில் பதினொரு பேர் விழுங்கினார்கள், இரண்டு பேர் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்துச் சொன்னவள் இரண்டாம் வகுப்பு யோகஸ்ரீ. எனக்கு ஒரு உதவியாசிரியர் இருக்கிறாள் என்றால் அது அவள்தான். ஏழு வயது. நோட்டுகளை வாங்கி வகுப்புவாரியாக அடுக்குவாள். நான் எதையாவது தேடிக்கொண்டு நின்றால், "சாக்பீஸா மிஸ்? காதுல வெச்சிருக்கீங்க" என்பாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பயிற்சிக் கூட்டம். நாற்பது ஆசிரியர்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார்கள். ஏழு சந்தேகம் வைத்திருந்தேன், கேட்கவில்லை. என்னை மாதிரி, வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவர்களுக்கு, கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமோ என்ற பயம் போவதே இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

யோகஸ்ரீயைக் கண்டித்தேன். மதியத்துக்குள் நான்கு முறை ஒண்ணுக்குப் போக விரலைத் தூக்கிவிட்டாள். அவள் போனால் பின்னாலேயே ஆறு பேருக்கு வரும். போய்விட்டு வந்து பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். அது தீர்ந்ததும் பக்கத்துப் பிள்ளையின் பாட்டில். "குடிச்சிக்கிட்டே இருந்தா வரத்தானே செய்யும்?" என்றேன். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் மணி அடித்தால்தான் வெளியே என்று எல்லாருக்கும் விதி போட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதிப்பீடு 22 பேர் முடிந்தது. 9 பாக்கி. தலைவலி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

உயரம், எடை பதிவு செய்ய இன்றே கடைசி நாள். எடை பார்க்கும் இயந்திரம் எங்கள் வட்டாரத்தில் ஆறு பள்ளிகளுக்கு ஒன்று. நேற்று வருவதாக இருந்தது. முந்தைய பள்ளியில் பேட்டரி தீர்ந்து அங்கேயே நிற்கிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மதியமே சிவப்பு நிறத்தில் பட்டியல் போட்டுவிட்டார்கள்: பதிவு செய்யாத பள்ளிகள் மூன்று. நாங்கள் இரண்டாவது.

ஜெசிந்தா டீச்சரிடம் போய் நின்றேன். அவர் வாக்காளர் பட்டியல் படிவங்களுக்குள் மூழ்கியிருந்தார். நிமிராமலே சொன்னார்: "போன தடவ எழுதினதுல ஒரு கிலோ கூட்டு, ரெண்டு சென்டிமீட்டர் கூட்டு. புள்ளைங்க வளரத்தானேம்மா செய்யும்."

இது புதிதல்ல. பக்கத்துப் பள்ளிகளிலும் அப்படித்தான் என்று பயிற்சியில் பேசிக்கொண்டார்கள். பம்பு மேடையில் நின்று முப்பத்தொரு பேரையும் வளர்த்துவிட்டேன். நாற்பது நிமிடம். யோகஸ்ரீ 18, இப்போது 19. மூன்றாம் வகுப்பு சரவணவேலுக்கு மட்டும் இரண்டு கிலோ போட்டேன், அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். பிறகு அதே எண்களை ஒவ்வொரு பிள்ளையின் உடல்நல அட்டையிலும் பேனாவால் எழுதினேன்.

நான்கு மணிக்குப் பச்சைப் பட்டியலில் வந்தோம். நூறு சதவீதம். யாரோ கைதட்டும் படம் அனுப்பியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

யோகஸ்ரீயின் அம்மா அம்சவள்ளி வந்திருந்தாள். களை வெட்டப் போகும் வழி, கையில் களைக்கொட்டு. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. வாசலிலேயே நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தாள். நானும் அப்படித்தான் நிற்பேன், எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நாலு வருசமா இல்லாம இப்ப பாய நனைக்குது. இஸ்கூல்ல எதுனா பயந்துச்சா?"

மணி அடித்தால்தான் வெளியே என்ற விதி ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. படுக்கும் முன் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றேன். புத்தகத்தில் படித்த மாதிரி ஏதோ சொன்னேன். அவள் நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சத்துணவு உதவியாளர் பச்சையம்மாள்தான் எங்களுக்குப் பெருக்கவும் செய்கிறார். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் எறும்பு சாரை சாரையாக வருகிறது என்றார். "சக்கர மூட்டய அவுத்து வுட்ட மாதிரி மொய்க்குது டீச்சரு." பிள்ளைகள் மிட்டாயை அங்கே ஒளித்துத் தின்கிறார்கள் போல. கடையில் எறும்பு சாக்பீஸ் வாங்கி நானே கோடு போட்டேன். இதுவும் என் கணக்கில் சேர்ந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

மருத்துவக் குழு வந்தது. அவர்களுக்கு இன்று மூன்று பள்ளிகள், எங்களிடம் ஒரு மணி நேரம்தான். நாங்கள் ஏற்றிய எடையிலிருந்து அவர்கள் கைப்பேசியில் ஒரு பட்டியல் வருகிறது. எடை குறைந்தவர்களை மட்டும் முதலில் அழைத்துப் பார்த்தார்கள். ஐந்து பேர். மற்றவர்களுக்குப் பல்லும் கண்ணும் மட்டும். "உங்க ஸ்கூல்ல பரவால்ல, எல்லாம் ஏறியிருக்கு" என்றார் மருத்துவர். ஜெசிந்தா டீச்சர் அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

யோகஸ்ரீ வரிசையில் நின்று பல்லைக் காட்டிவிட்டு, நேராகக் குழாய்க்கு ஓடினாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

யோகஸ்ரீ இரண்டு நாளாக வகுப்பில் படுத்துவிடுகிறாள். நோட்டுகளை அவள் அடுக்காததால் மூன்று வகுப்பும் கலந்து கிடந்தது. எழுப்பி நிறுத்தியபோது பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வளர்கிற பிள்ளை என்று பெரிதாகத் தைத்துவிட்டார்கள் போல. என் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டேன். ஊக்கு நான்கு விரற்கடை உள்ளே தள்ளித்தான் நின்றது.

எல்லாருக்கும் சாதிச் சான்றிதழ் நகல் வெள்ளிக்குள் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஜெசிந்தா டீச்சர் ஒன்றியத்தில் கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் ஒருத்தி, முப்பத்தொரு பேர்.

பத்தரைக்கு யோகஸ்ரீ வாந்தி எடுத்தாள். சுத்தம் செய்து பாயில் படுக்க வைத்தேன். மூச்சு வேறு மாதிரி இருந்தது. ஓடி வந்தவள்போல இழுத்து இழுத்து விட்டாள், ஆனால் படுத்துத்தான் கிடந்தாள். குனிந்து பார்த்தபோது வாயிலிருந்து கனிந்து அழுகிய பழத்தின் வாடை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் யார் என்று தெரிந்த பார்வையாக அது இல்லை.

பம்பு மேடைக்கு ஓடினேன். ஜெசிந்தா டீச்சர் எடுக்கவில்லை. 108-க்கு அடித்தேன். தனியாகப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது விதி. பச்சையம்மாள் கரண்டியோடு வந்தார். "நீ போ டீச்சரு. முப்பது புள்ளைய நான் முழுங்கிடவா போறேன்?" என்றார்.

வண்டியில் இருந்த செவிலியர் விரலில் குத்திப் பார்த்தார். மெஷினில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் அப்படித்தான் காட்டும் என்றார். "வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா? எத்தன நாளா தண்ணி அதிகமா குடிக்கிது?" என்னிடம்தான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் கைப்பேசி அடித்தது. மதிய உணவு எண்ணிக்கை இன்னும் வரவில்லை என்று குழுவில் செய்தி. ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் 30 என்று அனுப்பினேன்.

அம்சவள்ளி களைக்கொட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது யோகஸ்ரீயைத் தீவிரச் சிகிச்சைக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். பள்ளி விட்டதும் போனேன். சிறுவயதிலேயே வரும் சர்க்கரை நோயாம். யாரும் தப்பு செய்து வருவதில்லை. ஆனால் இனி வாழ்நாள் முழுக்க ஊசி. சீக்கிரம் பார்த்திருந்தால் இந்த அளவுக்கு மோசமாகியிருக்காது என்றார் மருத்துவர். சின்ன வயதுப் பெண், கண் சிவந்திருந்தது.

பள்ளியின் உடல்நல அட்டையை அம்சவள்ளி கொண்டுவந்திருந்தாள். மருத்துவர் அதைப் பார்த்தார். ஆகஸ்ட் 13 அன்று 19 கிலோ. இங்கே வந்தபோது 14.600.

"ரெண்டு வாரத்துல நாலு கிலோவுக்கு மேல எறங்கியிருக்கு. பெத்தவ நீ, கண்ணுல படலையா? சோறு போட்டியா இல்லையா?"

அம்சவள்ளி என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சாதிச் சான்றிதழ் நகல் 27 பேர் கொடுத்துவிட்டார்கள். 4 பேர் பாக்கி. பேருந்து தாமதம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அட்டையில் 19 என்பது என் கையெழுத்து.

செப்டம்பர் 2, திங்கள்

இயந்திரம் வந்திருந்தது. புதிய பேட்டரி. யாரும் கேட்காமலே எல்லாரையும் நிறுத்தினேன். நான் எழுதிய எண்ணோடு ஒத்துப்போனது மூன்று பேருக்குத்தான். பத்துப் பேர் போன தடவையிலிருந்து ஏறவே இல்லை. இரண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள். புள்ளைங்க வளரத்தான் செய்யும் என்று நாங்கள் இருவரும் நினைத்தது எல்லாப் பிள்ளைக்கும் உண்மையில்லை.

ஜெசிந்தா டீச்சரிடம் அட்டையைப் பற்றிச் சொன்னேன். டிசம்பரில் உன் தகுதிகாண் பருவம் முடிகிறது, அதுவரை வாயைத் திறக்காதே என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். தன் நல்லதுக்கும். அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. முதுகுவலி பெல்ட் கட்டிக்கொண்டு வீடு வீடாக வாக்காளர் படிவம் கொடுத்துவந்தவரை என்னால் கோபிக்க முடியவில்லை.

பச்சையம்மாள் மதியம் ஒரு செய்தி சொன்னார். யோகஸ்ரீயின் அப்பா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே, நாலு பேர் பார்க்க, அம்சவள்ளியை அடிக்கக் கை ஓங்கினாராம். பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடப் பார்த்தாய் என்று.

செப்டம்பர் 3, செவ்வாய்

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். யோகஸ்ரீ வார்டுக்கு மாற்றப்பட்டிருந்தாள். தூங்கினாள். அம்சவள்ளி வெளியே குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பேருந்தில் பதினேழு விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நான் எடை பாக்கல" என்றேன்.

"எந்த எடை?"

முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மெஷின் வராதது, கடைசி நாள், சிவப்புப் பட்டியல், ஒரு கிலோ கூட்டியது. சொல்லச் சொல்ல அந்த ஒரு கிலோவைத் தவிர மற்றதெல்லாம் சாக்காகவே கேட்டது. அதனால் மறுபடியும் சுருக்கமாகச் சொன்னேன். அந்தப் பத்தொன்பது பொய். பிள்ளையின் எடை பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். அது நோயால் குறைந்தது. ஒழுங்காகப் பார்த்திருந்தால் மருத்துவக் குழு வந்த அன்றே தெரிந்திருக்கலாம். பாவாடை இடுப்பில் நிற்காததையும், தண்ணீருக்கு ஓடியதையும், நான் கண்டித்ததையும் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை நான் மூடினேன்.

"அப்ப நான் பட்டினி போடல" என்றாள்.

"இல்ல."

"ராவுக்குத் தண்ணி குடுக்காதன்னு சொன்னியே டீச்சர். புள்ள அழுவும். நான் குடுக்கல."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அந்தாளுகிட்ட சொல்லு. அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லு. என்னைக் கேட்டப்ப எத்தன பேரு நின்னாங்களோ அத்தன பேரும் நிக்கணும்."

சொன்னேன். மருத்துவர் அட்டையில் 19-ஐ அடித்து, பக்கத்தில் தேதி போட்டார். "ரெண்டு வாரத்துல இவ்வளவு எப்படின்னு வேற டெஸ்ட்டெல்லாம் எழுதினேனே" என்றார். பிறகு அம்சவள்ளியின் பக்கம் திரும்பி, "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். கணவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், விரலிடுக்கில் சிமெண்ட் வெடிப்பு. நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"படிச்ச பொண்ணுதானே நீ?" என்றார். அவ்வளவுதான்.

அவர் அம்சவள்ளியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பதினான்கு பேனா கொடுத்தார்கள். அதில் ஒன்றால் கடிதம் எழுதினேன். ஆகஸ்ட் 13 அன்று முப்பத்தொரு மாணவர்களின் உயரம், எடையை அளக்காமல் பதிவு செய்தேன், சரியான அளவுகளை இணைத்துள்ளேன் என்று. நான்கு வரிதான். முழுநாள் ஆயிற்று. ஜெசிந்தா டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

செப்டம்பர் 7, சனி

அம்மாவிடம் சொன்னேன். வேலை போய்விடுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உள்ளே போய், வெகுநேரம் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 11, புதன்

ஜெசிந்தா டீச்சர் கூட்டத்திலிருந்து திரும்பினார். கடிதத்தைக் கொடுத்துவிட்டாராம். "நான் சொல்லித்தான் நீ செஞ்சேன்னு நீ எழுதல. நான் எழுதிட்டேன்" என்றார். பேச்சை மாற்றிக் காலாண்டு வினாத்தாளைப் பற்றி ஏதோ கேட்டார். மாலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஏற்றிய எடையைத் திருத்தச் செயலியில் வழியில்லையாம். விளக்கம் கேட்டு இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். "சரிங்க சார்" என்று வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, ஆறு பள்ளிக்கு ஒரு மெஷின் போதவில்லை சார் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 18, புதன்

யோகஸ்ரீ பள்ளிக்கு வந்தாள். கன்னம் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. வந்ததும் நோட்டுகளைப் பார்த்து, "யாரு மிஸ் இப்படிக் கலைச்சது?" என்றாள்.

நேற்றே அம்சவள்ளி ஜெசிந்தா டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த தாளின்படி ஊசி போட வேண்டும். அவள் கணவர் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார், அவளுக்குக் களை வேலை மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று ஜெசிந்தா டீச்சர் பயந்தார். பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆஸ்பத்திரியில் செவிலியரிடம் மூன்று நாள் போய் நானும் கற்றுக்கொண்டேன் என்றேன். கடைசியில் அந்தப் பன்னிரண்டு மணிக்கு என் மூன்று வகுப்பையும் தன் அறையில் உட்கார வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் நாள் என்பதால் அம்சவள்ளி வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தாள். காலில் மண். பையிலிருந்து மீட்டர், ஊசி மருந்து வைத்த ஃபிளாஸ்க், ஒரு சின்ன நோட்டு எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நாங்கள் தனியாகப் பேசியதில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கோவம் போவல டீச்சர். போவுமான்னும் தெரியல. ஆனா பன்னெண்டு மணிக்கு எம்புள்ளகூட இங்க இருக்கறது நீதான்."

விரலைத் துடைத்துக் குத்தினேன். 268. தாளைப் பார்த்து அளவை ஏற்றி, அம்சவள்ளியிடம் காட்டி, தொடையில் போட்டேன். பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக்கூடாது. யோகஸ்ரீ தானே எண்ணினாள், ஏழுக்கு மேல் அவசரப்பட்டாள். மெதுவாக என்றேன். எட்டிலிருந்து மறுபடி மெதுவாக எண்ணினாள்.

நோட்டில் தேதி, நேரம், 268 என்று எழுதினேன். அம்சவள்ளி அதை வாங்கிப் பார்த்தாள். மீட்டரையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டுவதுபோல உதடு அசைய, இரண்டு எண்ணையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். நான் காத்திருந்தேன். பிறகு நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுக் களைக்குப் போனாள்.